கை போனவன்தான் ஆபத்தானவன்: ‘நிஞ்ஜா கைடென் 2’ கேள்வி பதில்

சென்ற இதழில் ‘நிஞ்ஜா கைடென் 2’ பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்த ஒரு கேமுக்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்மோவின் டீம் நிஞ்ஜா குழு உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 2008 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வெளியிட்ட கேம் இது. 2004இல் வந்த ‘நிஞ்ஜா கைடென்’ கேமின் இரண்டாம் பாகம். கதாநாயகன் ரியூ ஹயபுசா, டிராகன் வாளின் வாரிசு. கருஞ்சிலந்தி என்ற நிஞ்ஜா குலம் அவன் கிராமத்தைத் தாக்கி, அங்கே காவலில் இருந்த பேய்ச்சிலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு டோக்கியோ, நியூயார்க், வெனிஸை நினைவூட்டும் ஒரு நீர் நகரம், மாஸ்கோ, தென் அமெரிக்கக் காடு, ஃபூஜி மலை, அப்புறம் பாதாளம் என்று அலைகிறான். கதை அவ்வளவுதான், மீதி எல்லாம் சண்டை.

கே: வாள் சண்டை கேம்கள் நிறைய ஆடியிருக்கிறேன். பிளாக் செய்துவிட்டு, அதாவது அடியைத் தடுத்துவிட்டு, திருப்பி அடிப்பதுதான் என் வழக்கம். இதில் முதல் அத்தியாயத்திலேயே பதினான்கு முறை செத்துவிட்டேன். எங்கே தப்பு செய்கிறேன்?

ப: உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பிளாக் செய்துகொண்டு நிற்கிறீர்கள். மற்ற கேம்களில் கேடயம் போல நின்று, எதிரி அடித்து ஓய்ந்த பிறகு அடிக்கலாம். இங்கே எதிரி ஓய்வதே இல்லை. ஒருவன் அடிக்கும்போது இன்னொருவன் பின்னால் வந்து பிடித்துத் தூக்கி எறிகிறான், அந்தப் பிடியை பிளாக் தடுக்காது. மூன்றாமவன் தூரத்தில் நின்று வெடிக்கும் ஷுரிகெனை, அதாவது எறிகத்தியை, எறிகிறான், அது ஒரே இடத்தில் நிற்பவனுக்கென்றே செய்தது போல வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த கேமில் பிளாக் என்பது ஒரு வாசல் மாதிரி. அதன் வழியாக வேறெங்கோ போக வேண்டும், அங்கேயே உட்காரக் கூடாது. கன்ட்ரோலரின் இடது விசையான லெஃப்ட் ட்ரிகரை அழுத்தியபடி ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் ரியூ வழுக்கிக்கொண்டு விலகுவான். அங்கிருந்து குதிக்கலாம், குதித்தபடி வெட்டலாம், சுவரில் ஓடலாம். அடி விழுந்து பிளாக்கில் பட்ட அந்தக் கணத்தில் வெட்டும் பட்டனை அழுத்தினால் எதிர்த்தாக்குதல் வரும். ஒரு சண்டையில் நீங்கள் ஒரே இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நின்றிருந்தால் அது ஏற்கெனவே தோற்ற சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதுதான் முக்கியம். இதில் தாக்குவதுதான் தற்காப்பு. கை கால் போன எதிரிக்குப் பக்கத்தில் போய் ஒய் பட்டனை அழுத்தினால் ரியூ அவனை ஒரே வீச்சில் முடித்துவிடுவான், அந்த வீச்சு நடந்து முடியும்வரை சுற்றியிருக்கிற யாராலும் ரியூவைத் தொட முடியாது. அந்த ஒரு விநாடி பாதுகாப்பைச் சம்பாதிக்கத்தான் முதல் நாலு வெட்டும். இதைப் புரிந்துகொண்ட அன்று, பதினான்கு முறை செத்த அதே அறையை எதுவும் படாமல் கடந்து போவீர்கள்.

கே: ஒருவனின் காலை வெட்டிவிட்டு அடுத்தவனிடம் போனேன். கால் போனவன் தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிப்பிடித்து வெடித்துவிட்டான். பாதி உயிர் போய்விட்டது. இது அநியாயம் இல்லையா?

ப: அநியாயம் இல்லை, என்னைக் கேட்டால் இந்த கேமின் உயிர்நாடியே அதுதான். முதல் பாகத்தில் எதிரிக்கு ஒரே ஒரு கணக்கு: உயிர் இருக்கிறதா, இல்லையா. இரண்டாம் பாகத்தில் இயக்குநர் டோமொனோபு இடகாகியும் அவர் குழுவும் நடுவில் இன்னொரு நிலையைச் சேர்த்தார்கள். கை போன எதிரி, கால் போன எதிரி. அவன் சாகவில்லை, ஓடவும் இல்லை. பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் உங்களையும் கூட்டிக்கொண்டு போவது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதனால் முழு உடம்போடு நிற்பவனைவிட வெட்டுப்பட்டவன் ஆவேசமாக வருகிறான்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வழக்கமான கேமில் பாதி அடி வாங்கிய எதிரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவனைப் பார்க்கலாம். இங்கே அப்படி விட்டால் நீங்களே ஒரு குண்டைத் தயார் செய்து தரையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஆனால் அவனேதான் உங்களுக்கான கதவும், ஒய் பட்டனை அழுத்தினால் உடனே சாவான், அந்த நேரம் உங்களுக்குப் பாதுகாப்பு. ஆக ஒவ்வொரு வெட்டும் ஆபத்தையும் கொண்டுவருகிறது, தப்பிக்கும் வழியையும் கொண்டுவருகிறது. எட்டுப் பேர் சூழ்ந்திருக்கும்போது யாருக்குக் கை இல்லை, யாருக்குக் கால் இல்லை, அவர்களில் யார் கிட்டே இருக்கிறான் என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் வேகம்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். விரலைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

தவழ்கிறவனைச் சமாளிக்க ஒரு யோசனை: தூரத்திலிருந்தே ஷுரிகென் ஒன்றிரண்டு எறியுங்கள், அவன் தடுமாறுவான், அந்த இடைவெளியில் நெருங்கி முடித்துவிடுங்கள்.

கே: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. நண்பர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள் என்று இந்த கேமைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

ப: வேண்டாம் அம்மா. ஐரோப்பாவில் 18 வயது முத்திரை, அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான எம் முத்திரை. மேலே இருக்கிற பதிலைப் படித்தாலே காரணம் தெரியும். நிஞ்ஜாதான் வேண்டும் என்றால் ‘மினி நிஞ்ஜாஸ்’ என்று ஐஓ இன்டராக்டிவ் உருவாக்கி 2009இல் வெளிவந்த கேம் ஒன்று இருக்கிறது. ஹீரோ என்ற சிறுவன் கதாநாயகன், எதிரிகளாக வரும் சாமுராய்கள் எல்லாம் மந்திரத்தால் மாற்றப்பட்ட காட்டு விலங்குகள். அடித்தால் சாவதில்லை, மறுபடி முயலாகவோ நரியாகவோ மாறி ஓடிவிடுவார்கள். புல்லுக்குள் பதுங்குவது, விலங்கின் உடம்பில் புகுந்து நடப்பது எல்லாம் உண்டு. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கே: கடையில் தேடினால் 2, சிக்மா 2, 2 பிளாக் என்று மூன்று பெயர் வருகிறது. எதை வாங்குவது? மூன்றும் ஒன்றுதானா?

ப: இந்தக் கேள்வி மட்டும் பதினொரு கடிதங்களில் வந்திருக்கிறது. கதை ஒன்று, ஊர்கள் ஒன்று, ஆனால் ஆடும்போது மூன்றும் ஒன்றல்ல. (‘2 பிளாக்’ என்பதில் வரும் பிளாக், கறுப்பு என்ற சொல், தடுக்கிற பிளாக் அல்ல.) கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று ஒதுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் 2008இன் மூலம். கூட்டம் கூட்டமாக எதிரிகள், தெறிக்கும் ரத்தம், தரையில் மறையாமல் கிடக்கும் உடல்கள். முடிக்காத வேலையின் வாசனையும் அதில் உண்டு. சில இடங்களில் கேமரா சொதப்பும், சில இடங்களில் கூட்டம் தாங்காமல் படமே மெதுவாகிவிடும். அது வெளியான அதே ஜூன் மாதத்தில் இடகாகி டெக்மோவை விட்டு விலகுவதாக அறிவித்தார். இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஆடும்போதெல்லாம் நினைப்பு வரும்.

2009 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3க்கு சிக்மா 2 வந்தது. இதைச் செய்தது யோசுகே ஹயாஷியின் தலைமையில் இருந்த அதே டீம் நிஞ்ஜா. ரத்தத்துக்குப் பதில் ஊதாப் புகை. எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஒவ்வொருவனையும் கூடுதலாக அடி தாங்க வைத்தார்கள். படம் வழுவழுவென்று ஓடியது, கேமராவும் தேவலை. அயானே, மோமிஜி, ரேச்சல் என்ற மூன்று பெண் பாத்திரங்களுக்கும் தனித்தனி அத்தியாயம் கிடைத்தது, இரண்டு பேர் சேர்ந்து ஆடும் பகுதியும் வந்தது. மாபெரும் புத்தர் சிலையோடும் சுதந்திர தேவி சிலையோடும் சண்டை போட வைத்தார்கள். அந்தச் சிலைச் சண்டைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய எதிரியிடம் ரியூவின் நுணுக்கம் எதற்கும் வேலையே இல்லை, தூரப் போய் அம்பு விடுவது, கிட்டே வந்து நாலு வெட்டு, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே வெளியானது 2 பிளாக். அன்ரியல் எஞ்சின் 5இல் புதிதாகச் செய்தது, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், கணினி மூன்றிலும் கிடைக்கிறது. ரத்தம் திரும்பி வந்துவிட்டது, அந்த மூன்று பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அடித்தளம் சிக்மா 2 தான். கூட்டம் மூலத்தின் அளவுக்கு இல்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். எதிரிகளின் எண்ணிக்கையை வெறும் ஆடம்பரம் என்று நினைத்துக் குறைத்தால் இந்த கேமின் எலும்பு ஒன்று உருவப்படுகிறது. மூலத்தில் எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் நாலு வெட்டில் ஒருவனுக்குக் கை போகும். உடனே ஒரு பாதுகாப்பு விநாடி, அதை முடிக்கும்போது அடுத்தவன் எதிரே, அவனுக்கும் நாலு வெட்டு. அது ஒரு தாளம். மூன்று பேர் வந்து ஒவ்வொருவனும் பதினைந்து வெட்டு தாங்கினால் அந்தத் தாளம் விழாது, சும்மா அடித்துக்கொண்டிருப்போம்.

சரி, எதை வாங்குவது? முதல் முறை ஆடுபவர் என்றால் 2 பிளாக். பார்க்க அழகாக இருக்கிறது, கையில் படிகிறது, முன்னே சொன்ன மூன்று கருவியிலும் கிடைக்கிறது. அதை ஒரு முறை முடித்துவிட்டு, பிடித்திருந்தால், எக்ஸ்பாக்ஸ் இருக்கிற நண்பரைப் பிடித்து 2008இன் மூலத்தை ஆடிப் பாருங்கள். அது இன்றுவரை எக்ஸ்பாக்ஸைத் தவிர வேறு எங்கும் வரவில்லை, புதிய எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் ஓடுகிறது. 2021இல் வந்த மாஸ்டர் கலெக்‌ஷன் தொகுப்பில் இருப்பது சிக்மா 2, மூலம் அல்ல. இதைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

கே: ஒய் பட்டனை அழுத்திப் பிடித்தால் ரியூ ஒளிர்கிறான், ஆனால் அதற்குள் யாராவது வந்து அடித்துவிடுகிறார்கள். அந்தப் பெரிய தாக்குதலை எப்போதுதான் போடுவது?

ப: வெட்டவெளியில் நின்று சார்ஜ் ஏற்றப் பார்க்கிறீர்கள், அது நடக்காது. எதிரி செத்ததும் அவன் உடம்பிலிருந்து வண்ண உருண்டைகள் கிளம்பும் இல்லையா? மஞ்சள் என்றால் பணம், நீலம் என்றால் உயிர், சிவப்பு என்றால் நின்போ மந்திரத்துக்கான சக்தி. அதை எசென்ஸ் என்கிறார்கள். அந்த உருண்டைகள் காற்றில் இருக்கும்போதே ஒய்-ஐ அழுத்திப் பிடித்தால் ரியூ அவற்றை உறிஞ்சிக்கொள்வான், சார்ஜ் சட்டென்று நிறைந்துவிடும். கையை எடுத்தால் நீங்கள் கேட்ட அந்தப் பெரிய தாக்குதல், அல்டிமேட் டெக்னிக். அது ஓடும்வரையும் ரியூவைத் தொட முடியாது, அது முடியும்போது இன்னும் இரண்டு மூன்று பேர் விழுந்திருப்பார்கள், மறுபடி எசென்ஸ், மறுபடி ஒய்.

இதையே இன்னும் கூர்மையாகச் செய்ய வேண்டும் என்றால், குதித்துவிட்டுத் தரையில் கால் படும் அதே நொடியில் ஒய்-ஐ அழுத்திப் பிடியுங்கள். நின்ற இடத்தில் பிடிப்பதைவிடச் சீக்கிரம் ஏறும். கை பழக ஒரு வாரம் ஆகும். பழகிய பிறகு மற்ற கேம்களிலும் குதித்து இறங்கும்போது கட்டைவிரல் தானாக ஒய்-க்குப் போகும்.

கே: கேமரா சுவரில் போய் முட்டிக்கொள்கிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரிவதில்லை.

ப: உண்மைதான், இந்த கேமின் பெரிய குறை அது. ரைட் ட்ரிகரைத் தட்டினால் கேமரா ரியூவின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், அதை மூச்சு விடுவது போலத் தட்டிக்கொண்டே இருங்கள். மூலையில் சண்டை போடாதீர்கள். அறையின் நடுவுக்கு வந்துவிடுங்கள்.

கே: ஆயுதங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? எதை முதலில் மேம்படுத்துவது?

ப: எல்லாவற்றையும் சமமாக மேம்படுத்தப் போகாதீர்கள். கேமில் வரும் வியாபாரி முரமாசாவின் கடையில் ஒரு ஆயுதத்தை மூன்றாம் நிலைவரை கொண்டுபோன பிறகு அடுத்ததைத் தொடுங்கள். புதிய அடிகள் எல்லாம் மேல் நிலைகளில்தான் திறக்கின்றன, பாதியில் நிற்கிற நாலு ஆயுதத்தைவிட முழுதாக விளைந்த ஒன்று மேல்.

பழகுபவர்களுக்கு டிராகன் வாளே போதும். தாவிக்கொண்டே முன்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளி ஒய் அழுத்தினால் ரியூ பாய்ந்து தலையை எடுக்கும் ஒரு அடி இருக்கிறது, பறக்கும் தகைவிலான் குருவி போல. அது ஒன்று தெரிந்தாலே பாதி கேமைக் கடக்கலாம். லூனார் ஸ்டாஃப் என்ற தடி, கூட்டத்தைச் சுழற்றி அடித்து விலக்கும். கூரிய நகங்கள் போன்ற ஃபால்கன் டாலன்ஸ், கை கால்களை எடுப்பதில் கெட்டிக்காரன்.

எனக்குப் பிடித்தது எக்லிப்ஸ் அரிவாள். நீர் நகரத்தின் கொலோசியத்தில் வோல்ஃப் என்ற நான்கு கை ஓநாய் அரசனை வென்ற பிறகு கிடைக்கும் ஆயுதம் அது. மெதுவாகத்தான் சுழலும், ஆனால் சுழன்றால் பெரிய உடம்புக்காரனும் துண்டாவான். ரியூவைவிட அரிவாள் உயரம். ஒவ்வொரு வீச்சிலும் அந்தக் கனம் கன்ட்ரோலர் வழியாக உள்ளங்கைக்கு வருகிறது. வோல்ஃப் சண்டையில் நான் பட்ட பாட்டுக்கு அது சரியான பரிசு என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கே: ஒரு பாஸை, அதாவது பெரிய எதிரியை, வென்றுவிட்டேன், திரையில் அவன் சரிந்தான், நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன், அவன் வெடித்து நான் செத்தேன்!

ப: அவன் பெயர் ஆர்மடிலோ. அவன் சரியும்போது பிளாக்கை அழுத்திப் பிடியுங்கள், வெடிப்பு ஒன்றும் செய்யாது. இதை முன்கூட்டி உங்களுக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போனதற்கு வருந்துகிறேன்.

கே: சண்டை முடிந்ததும் உயிர் தானாக ஏறுகிறது. அப்படியானால் கேம் சுலபமாகிவிடவில்லையா? முதல் பாகத்தில் இப்படி இல்லையே.

ப: ஏறுவதைப் பார்க்கிறீர்கள், ஏறாமல் நிற்கிற பகுதியைப் பார்க்கவில்லை. உயிர்க் கோட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு துண்டு சேர்ந்துகொண்டே வரும். அது நிரந்தரக் காயம். சண்டை முடிந்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது குணமாகாது. ஆட்டத்தைச் சேமிக்கும் இடங்களான டிராகன் சிலை ஒவ்வொன்றிலும் முதல் முறை சேமிக்கும்போது முழுதாக ஆறும், இல்லை என்றால் மருந்து செலவு செய்ய வேண்டும். அதனால் ஒரு சிலைக்கும் அடுத்த சிலைக்கும் நடுவே இருக்கிற மூன்று நான்கு சண்டைகளை ஒரே சண்டையாகத்தான் நினைக்க வேண்டும். முதல் சண்டையில் அலட்சியமாக வாங்கிய அடி நான்காவது சண்டையில் வந்து நிற்கும்.

சுலபமாக்கத் தந்ததும் இல்லை இது. உயிர் ஏறும் என்பதால்தான் ஒவ்வொரு சண்டையையும் அவ்வளவு கொடூரமாக வைக்கத் துணிந்திருக்கிறார்கள்.

கே: அந்தப் படிக்கட்டுச் சண்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

ப: நீளமான ஒரு கல் படிக்கட்டு. மேலேயிருந்து கருஞ்சிலந்தி நிஞ்ஜாக்கள் இறங்கி வருகிறார்கள், வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். அத்தனை பேரையும் எக்ஸ்பாக்ஸ் 360 தாங்கவில்லை. படம் அப்படியே தேன் ஒழுகுவது போல மெதுவாகிவிடும். அது கருவியின் இயலாமை, குறைதான். ஆனால் அன்றைக்கு ஆடியவர்கள் பலருக்கு அது குறையாகவே தெரியவில்லை, சண்டைப் படத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக் காட்டும் காட்சி போல இருந்தது. பிறகு எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் கருவியில் அதே இடம் 4கே தெளிவில், தடங்கல் இல்லாமல் ஓடியது. இப்போது ஆடுகிறவர்கள் அந்தப் படிக்கட்டை நிஜ வேகத்தில் பார்க்கிறார்கள். நான் இரண்டையும் ஆடியிருக்கிறேன். வேகமாக ஓடுவதுதான் நல்லது. படிகளில் யார் கால் இல்லாமல் கிடக்கிறான் என்று தேடுவதற்கு நேரமே கிடைக்காது, முன்னே சொன்ன அந்தக் கண் வேலை அங்கேதான் கடைசிவரை சோதிக்கப்படுகிறது.

கே: உண்மையான நிஞ்ஜாக்கள் இப்படித்தான் சண்டை போட்டார்களா?

ப: இல்லை. ஜப்பானில் அவர்களை ஷினோபி என்று அழைத்தார்கள். இன்றைய மியே மாகாணத்தில் இருக்கும் இகா, ஷிகா மாகாணத்தில் இருக்கும் கோகா, இந்த இரண்டு மலைப் பகுதிகளும் அவர்களுக்குப் பேர்போனவை. வேவு பார்ப்பது, மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழைவது, இரவில் தீ வைப்பது, செய்தியோடு உயிரோடு திரும்பி வருவது, இதுதான் வேலை. நூறு பேரை எதிர்த்து நிற்க நேர்ந்தால் அது அவர்கள் தொழிலில் தோல்வி. 1581இல் ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் பெரும் படையோடு இகாவுக்குள் இறங்கியபோது அந்தப் பகுதி அழிந்தது, அங்கே தந்திரம் படைபலத்தின் முன் தாக்குப்பிடிக்கவில்லை.

கேம் எடுத்துக்கொண்டது சில பெயர்களையும் கருவிகளையும்தான். சங்கிலியும் எடைக்குண்டும் கட்டிய அரிவாளான குசாரிகாமா நிஜ ஆயுதம். தொன்ஃபா என்ற கைத்தடி ஒகினாவாவிலிருந்து வந்தது. ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் வல்லூறு. ரியூ பாய்ந்து இறங்கும்போது அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும்.

கே: நான் பழைய ஆள். எனக்கு ‘நிஞ்ஜா கைடென் 2’ என்றால் 1990இல் நிண்டெண்டோ 8 பிட் கருவியில் வந்ததுதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

ப: பேசுவோம் ஐயா, ஆசையாகவே பேசுவோம். அந்த 8 பிட் வரிசையின் முதல் பாகத்தில் ரியூ சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் நினைத்தபடி ஏற முடியாது. 1990இன் இரண்டாம் பாகத்தில் ஏறலாம், இறங்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் நிழல் உருவங்கள். ரியூவின் சாயலில் இரண்டு உருவங்கள்வரை பின்னால் வரும். அவன் போன பாதையில் கொஞ்சம் தாமதித்து வரும், அவன் வெட்டினால் வெட்டும், எதிரியால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. அவன் நின்றால் அவையும் நின்ற இடத்திலேயே நிற்கும், நடு வானமாக இருந்தாலும். ஆகவே குதித்து, சரியான நேரத்தில் தரையில் நின்றுவிட்டால் ஒரு நிழலை அந்தரத்தில் தொங்கவிட்டு, பாஸின் தலைக்கு நேரே வாள் வீச வைக்கலாம். இதை யாரும் கற்றுத்தருவதில்லை, ஆடும்போது தற்செயலாக ஒரு நாள் நடக்கும், அன்றைக்குப் புரியும்.

பதினெட்டு வருடம் கழித்து வந்த அதே பெயர் கேமில் நிழல்கள் இல்லை. ஆனால் ஒரு ஒற்றுமையைப் பார்த்தீர்களா? இரண்டுமே முதல் பாகத்தின் அடிகளைக் கூட்டிக்கொடுத்துவிட்டு நிற்கவில்லை. ஒன்று நீங்கள் நிற்கும் இடத்துக்குப் புது அர்த்தம் கொடுத்தது, இன்னொன்று வெட்டுப்பட்ட எதிரிக்குப் புது அர்த்தம் கொடுத்தது. இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கே: இடகாகி இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான்காம் பாகத்தில் அவர் கை இருக்கிறதா?

ப: அவர் 2025 அக்டோபரில், 58 வயதில் காலமானார். அடுத்த சில நாட்களில், அக்டோபர் 21 அன்று, நான்காம் பாகம் வெளியானது. அதில் அவர் பங்கு இல்லை, பிளாட்டினம் கேம்ஸும் டீம் நிஞ்ஜாவும் சேர்ந்து செய்தது அது. யாகுமோ என்ற இளைஞன் கதாநாயகன், ரியூவாகவும் ஆடலாம். இடகாகி இறந்த செய்தி வந்த இரவு நான் 2008இன் கேமைப் போட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் ஆடினேன். கை போனவன் ஒருவன் ஓடி வந்தான், ஒய் அழுத்தினேன்.

கே: எனக்கு ஐம்பத்திரண்டு வயது. விரல்கள் முன்னைப் போல ஓடுவதில்லை. ரியூவை ஒரு முறையாவது கடைசிவரை கொண்டுபோக ஆசை. முடியுமா?

ப: கண்டிப்பாக முடியும். மூலத்தில் அகோலைட், வாரியர் என்று இரண்டு நிலைகள் ஆரம்பத்திலேயே திறந்திருக்கும், மென்டாரும் மாஸ்டர் நிஞ்ஜாவும் பிறகுதான் வரும். தயங்காமல் அகோலைட்டை எடுங்கள். 2 பிளாக்கில் ஹீரோ முறை என்று ஒன்று இருக்கிறது, உயிர் குறைந்து ஆபத்தான நிலைக்கு வந்தால் அதுவே உங்களுக்குத் துணைக்கு வரும். விரல் வேகம் குறைந்தால் முன்னே சொன்ன தகைவிலான் குருவிப் பாய்ச்சலையும் ஒய் பட்டனையும் மட்டும் நம்புங்கள், பத்துப் பட்டன் கோர்வைகள் எதுவும் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு டிராகன் சிலையிலிருந்து அடுத்த சிலைவரை ஆடிவிட்டு நிறுத்துங்கள். ஃபூஜி மலைக்கு வந்துசேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.